2³² + 1 முதன்மை எண்ணா? அடி 2 "ஓம்" எண்டுது, அடி 3 "இல்ல" எண்டுது

வாவிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எண் இதுதான்: 4294967297. அதாவது 2³² + 1. முதன்மையா, சேர்த்தியா (சின்ன எண்களிட பெருக்கமா) எண்டு பார்க்க மூண்டு வழி போட்டன். மூண்டும் மூண்டு கதை சொல்லுது.

முதலாவது பேர்மாச் சோதனை, அடி 2. முதன்மையெண்டா மீதி 1 வரோணும். 2 இன் வலுவா (எண் − 1) ஐப் போட்டு, வாறத எண்ணால வகுத்தா மீதி 1. தேறிட்டுது. ரெண்டாவது, 100 க்குள்ள இருக்கிற 25 முதன்மை எண்ணாலயும் வகுத்தன், ஒண்டாலயும் போகல்ல. மூண்டாவது, அடிய 3 ஆக மாத்தி அதே சோதனை. பைதன் 3029026160 எண்டுது. சீ பிளஸ் பிளஸில லோங் லோங் (குறியோட 64 பிட் முழு எண்) போட்டா வேற விடை. 32 பிட் மாறியில போட்டா எண்ணே 1 எண்டு அச்சாகுது. எதை நம்புறது?

சம்மாந்துறை_64:
641 ஆல வகுங்க தம்பி. 641 × 6700417. முடிஞ்சுது கதை.

எழுவான்கரை:
கதை அங்கேதான் தொடங்குகிறது. வகுத்துப் பார்த்தால் சரிவரும், ஆனால் பத்து இலக்கத்தை நெடுக வகுக்கத் தேவையே இல்லை. இரண்டு வர்க்கம் போதும்.

2⁸ = 256. 2¹⁶ = 65536. 641 × 102 = 65382, ஆகவே 2¹⁶ இன் மீதி 154. இனி 154² = 23716. 641 × 37 = 23717. ஒன்று குறைகிறது. எனவே 2³² ≡ −1 (மட்டு 641), அதாவது 641 ஆல் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி. அதனோடு 1 ஐக் கூட்டினால் 0.

(இங்கே "மட்டு" என்பது மீதிக் கணக்கின் மட்டு. பத்திரிகைக்காரர் மட்டக்களப்புக்குப் போடும் "மட்டு." அல்ல.)

154 கூட வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. 641 ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1, மற்றது 5⁴ + 2⁴. முதலாவதிலிருந்து 5 × 2⁷ ≡ −1. இருபக்கமும் நாலாம் வலு எடுத்தால் 5⁴ × 2²⁸ ≡ 1. இரண்டாவதிலிருந்து 5⁴ ≡ −2⁴. அதைப் பிரதியிட்டால் −2³² ≡ 1. ஒரு தபால் அட்டையில் அடங்கும் நிறுவல்.

இனி தம்பியின் முதற் கேள்வி. அடி 2 சோதனை ஏன் தேறியது? எண்ணை ந என்போம். ந = 2³² + 1 என்பதால் 2³² ≡ −1 (மட்டு ந). வர்க்கித்தால் 2⁶⁴ ≡ 1. சோதனையில் வரும் சுட்டி ந − 1, அதாவது 2³². அது 64 இன் மடங்கு. ஆகவே மீதி 1 தான் வரும், ந முதன்மையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் சுட்டிகளை 2 க்கு வைத்து 1 ஐக் கூட்டி வரும் பேர்மா எண்கள் அத்தனைக்கும் இதே கதிதான். அந்தச் சோதனை தம்பிக்கு எதையும் சொல்லவில்லை. பரீட்சைத் தாளிலேயே விடை அச்சாகியிருந்த மாதிரி.

பேர்மா 1640 இல் இந்த வரிசை முழுவதும் முதன்மை என்று நம்பினார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் முதன்மைதான். ஆறாவதாக நிற்பது இந்த எண். வரிசையை 0 இலிருந்து எண்ணுவது வழக்கம் என்பதால் இதற்குப் பெயர் ஐந்தாம் பேர்மா எண். 1729 இல் கோல்ட்பாக் கடிதத்தில் கேட்டார், 1732 இல் ஒயிலர் 641 ஐக் காட்டினார். அதே பேர்மாவின் சிறுதேற்றத்தை (தம்பி போட்ட சோதனைக்கு அடிப்படை அதுதான்) அடி 3 வைத்து இந்த எண்ணில் ஓட்டியிருந்தால் 32 வர்க்கத்தில் பேர்மாவுக்கே உண்மை தெரிந்திருக்கும். பத்து இலக்க எண்ணை 32 தடவை வர்க்கித்து மீதி எடுப்பது சில நாள் வேலை. அவரால் முடியாத வேலையல்ல.

வாவிக்கரை:
நன்றி சேர். விளங்குது. ஆனா 641 எண்ட எண் எங்க இருந்து வருது? தெரிஞ்ச பிறகு சரிபார்க்கிறது சுகம். தெரியாதவன் 2, 3, 5, 7 எண்டு வகுத்துக்கொண்டு போனா 641 வாறது 116 ஆவது முதன்மை எண்ணாத்தான்.

படுவான்கரை:
அந்த 115 வகுத்தலும் வீண், தம்பி. நீங்கள் 100 க்குள் வகுத்த 25 உம் சேர்த்து. இந்த எண்ணுக்கு அந்த அளவில் காரணி இருக்கவே முடியாது.

ப என்ற முதன்மை எண் 2³² + 1 ஐ வகுக்கிறது என்று வைப்போம். 2³² ≡ −1 (மட்டு ப), 2⁶⁴ ≡ 1. 2 க்கு எந்த மிகச் சிறிய சுட்டி வைத்தால் 1 வரும்? அது 64 ஐ வகுக்க வேண்டும், 32 ஐ வகுக்கக் கூடாது. அப்படியென்றால் 64 தான். மறுபக்கம் பேர்மாவின் சிறுதேற்றப்படி 2 இன் வலு (ப − 1) உம் 1. ஆகவே 64 ஆனது ப − 1 ஐ மீதியின்றி வகுக்கும். காரணி 64க + 1 வடிவம், க ஒரு முழு எண். இது ஒயிலருடையது.

இதை இன்னும் ஒரு படி இறுக்கலாம். 64க + 1 என்றால் 8 ஆல் வகுக்க மீதி 1. அப்படியான முதன்மை எண்ணின் மட்டில் 2 ஒரு வர்க்கம்: ச² ≡ 2 ஆகும் ச ஒன்று இருக்கும். ச இன் வலு 64 ≡ 2³² ≡ −1. எனவே ச க்கு 1 வரும் மிகச் சிறிய சுட்டி 128. ஆகவே காரணி 128க + 1 வடிவம். லூக்காஸ் 1878 இல் இதைச் சேர்த்தார்.

எழுதிப் பாருங்கள்: 129, 257, 385, 513, 641. 129 இலும் 513 இலும் 3 இருக்கிறது, 385 இல் 5. மிஞ்சுவது 257 உம் 641 உம். 257 தானே ஒரு பேர்மா எண்: 2⁸ ≡ −1, ஆகவே 2¹⁶ உம் 2³² உம் 1, மீதி 2. அதையும் வெட்டுங்கள். முதற் தடவை உண்மையாக வகுக்க வேண்டியது 641. வகுபடுகிறது.

பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். 6700417 முதன்மையா என்று யார் பார்த்தது? கல்குலேட்டரில் காரணிப்படுத்தும் பொத்தான் இருந்தால், மூன்று இலக்கத்துக்கு மேல் தேடாத வகைகள் இதை அடைப்புக்குறிக்குள் விட்டுவிடும். அடைப்புக்குறி என்றால் "எனக்கு முடியவில்லை" என்று அர்த்தம், "முதன்மை" என்றல்ல. பிள்ளைகள் அதை அப்படியே விடையாக எழுதிவிடுகிறார்கள்.

6700417 இன் காரணி எதுவும் ந இன் காரணியும்தான், ஆகவே அதே 128க + 1 வடிவம். வர்க்கமூலம் 2588 சொச்சம், க = 20 வரை போனால் போதும். இருபதையும் எழுதி சேர்த்திகளை வெட்டினால் மிஞ்சுபவை 257, 641, 769, 1153, 1409. (1537 ஐ வெட்ட மறக்காதீர்கள், 29 × 53. 1793 = 11 × 163, 1921 = 17 × 113, 2561 = 13 × 197. இவை நாலும்தான் கண்ணை ஏமாற்றும்.) 257 முன்பே போய்விட்டது. மற்றவற்றின் மீதிகள்: 641 க்கு 44, 769 க்கு 120, 1153 க்கு 334, 1409 க்கு 622. ஒன்றும் பூச்சியமல்ல. 6700417 முதன்மை. நாலு வகுத்தல்.

சம்மாந்துறை_64:
ரீச்சர், 641 ஐ ரெண்டாந்தரம் ஏன் வகுக்கோணும்? ஒருக்கா வகுத்து எடுத்தாச்சே.

படுவான்கரை:
641² உம் உள்ளே இருக்கலாம் அல்லவா? 45 இல் 3 ஐ எடுத்த பிறகும் இன்னொரு 3 இருக்கிற மாதிரி. மீதி 44 என்று கண்ட பிறகுதான் இல்லை என்று சொல்லலாம்.

வயல்காற்று_அக்கரைப்பற்று:
தம்பிட புரோகிராம் பக்கத்துக்கு வாறன். மூணு பிழை இரிக்கி, மூணும் வேற வேற.

32 பிட்: அந்தக் கூடை கொள்ளுற பெரிய எண் 4294967295. நம்மட எண் அதவிட 2 கூட. துவிதத்துல எழுதினா 1, பிறகு 31 பூச்சியம், பிறகு 1. மொத்தம் 33 இடம். இடப்பக்கத்து 1 விழுந்திடும், மிச்சம் 1. அதான் 1 எண்டு அச்சாகுது.

லோங் லோங்: அடி 3 ல தொடங்கி வர்க்கிச்சிக்கிட்டே போங்க. 9, 81, 6561, 43046721. இது நாலு. அஞ்சாவது 3³² = 1853020188851841, ந ஆல வகுத்த மீதி 3793201458. இது வரைக்கும் சரி. ஆறாவதுல இத வர்க்கிச்சா கிட்டத்தட்ட 1.44 × 10¹⁹. குறியோட இரிக்கிற 64 பிட் 9.22 × 10¹⁸ வரைக்கும்தான். அங்க நிரம்பி வழியிது. பிழை எண்டு ஒண்டும் சொல்லாம ஒரு குப்ப எண்ணத் தந்துட்டுப் போகும். மீதி 3037000499 ஐத் தாண்டினா லோங் லோங்ல வர்க்கிக்கப்படாது, இத எழுதி ஒட்டி வைங்க. அன்சைன்ட் 64 (குறியில்லாத 64 பிட்) போட்டா தப்பலாம், ஒரேயொரு இடம் தவிர: மீதி சரியா 2³² ஆ வந்தா, அதாவது −1, அதுட வர்க்கம் 2⁶⁴. அது பூச்சியமாப் போயிடும்.

வகுக்காமலே மீதி எடுக்கலாம். 2³² ≡ −1 தானே? 64 பிட் வர்க்கத்த ரெண்டாப் பிளந்து, கீழ்ப் பாதியில இருந்து மேல் பாதியக் கழிங்க. மறைப்பெறுமானம் வந்தா ந ஐக் கூட்டுங்க. 3³² க்கு மேல் பாதி 431439, கீழ்ப் பாதி 3793632897. கழிச்சா 3793201458. மேல சொன்ன அதே மீதி. ஜாவாஸ்கிரிப்ட்டுல சாதாரண எண் 2⁵³ க்கு மேல நம்பப்படாது, பிக்இன்ட் எடுங்க. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல காட்டாது, இந்த வேலைக்கு ஆகாது.

மூணாவது, சோதனையையே மாத்துங்க. பேர்மா எண்ணுக்கெண்டே பெப்பன் 1877 ல தந்த சோதனை இரிக்கி. 3 ஐ 31 தரம் வர்க்கிங்க. −1 வந்தா முதன்மை, வராட்டி சேர்த்தி. "அனேகமா" எண்ட கதையே இல்ல. இங்க வாறது 10324303. −1 எண்டா 4294967296 வந்திரிக்கணும். இன்னொருக்கா வர்க்கிச்சா தம்பிட பைதன் சொன்ன 3029026160. பைதன் சரி.

வாவிக்கரை:
காக்கா, 31 வர்க்கத்துல இடையில எங்கயாவது பிழைச்சா எப்படிப் பிடிக்கிறது?

வயல்காற்று_அக்கரைப்பற்று:
641 ஐ வெச்சிப் பிடிக்கலாம். 3 ஐ 641 ட மட்டில வர்க்கிச்சிக்கிட்டுப் போனா ஏழாவதுல 357 வரும், பிறகு −110, −79, −169, திரும்ப 357. நாலுக்கு ஒருக்கா சுத்தும். 31 லருந்து 7 ஐக் கழிச்சா 24, நாலுட மடங்கு. ஆகவே 31 ஆவதும் 357 ஆத்தான் இரிக்கணும். 10324303 ஐ 641 ஆல வகுங்க: 641 × 16106 = 10323946, மீதி 357. பொருந்துது. அஞ்சாவது படிக்கு மீதி 628 வரணும், அதயும் பாருங்க. ஆறாவதுல வழிஞ்ச குப்ப எண் இந்தச் சோதனையில அனேகமா மாட்டிக்கும்.

சம்மாந்துறை_64:
பொலார்ட்ட "ப − 1" முறையும் (ப எண்ட காரணிக்கு ப − 1 சின்னக் காரணிகளாப் பிரிஞ்சா ப ஐப் பிடிக்கிற வழி) இதுல நல்லா வேலை செய்யும். 640 = 2⁷ × 5, சின்னக் காரணிகள் மட்டும். 3⁶⁴⁰ − 1 க்கும் ந க்கும் பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுள் பெரியது) எடுத்தா 641 துள்ளி விழும். மற்றப் பக்கம் 6700416 = 2⁷ × 3 × 17449, அந்த 17449 பெரிசு எண்டதால ரெண்டும் ஒண்டாச் சிக்காது. ஆனா அடி 2 போட்டுடாதீங்க. 2⁶⁴⁰ = (2⁶⁴)¹⁰ ≡ 1, பொ.கா.பெ. ஆ முழு எண்ணே திரும்பி வரும். பாடப்புத்தக உதாரணம் எல்லாம் அடி 2 ல இருக்கிறதால ஆக்கள் வழமையா விழுற குழி இது.

எழுவான்கரை:
இந்த எண்ணின் மிக அழகான பக்கத்தை இன்னும் யாரும் தொடவில்லை.

4 ஆல் வகுக்க மீதி 1 வரும் முதன்மை எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரேயொரு விதத்தில்தான் எழுதலாம். நம் எண் பிறக்கும்போதே அப்படி ஒன்றோடு பிறந்தது: 65536² + 1². இரண்டாவது விதம் ஒன்று கிடைத்தால் அது முதன்மை அல்ல. கிடைக்கிறது: 62264² + 20449². முதல் வர்க்கம் 3876805696, அடுத்தது 418161601. கூட்டிப் பாருங்கள்.

இந்த இரண்டிலிருந்து காரணியை உருவி எடுக்க ஒயிலருக்கு ஒரு வழி உண்டு. இரட்டைகளின் வித்தியாசம் 65536 − 62264 = 3272. ஒற்றைகளின் வித்தியாசம் 20449 − 1 = 20448. இவற்றின் பொ.கா.பெ. 8. வகுத்தால் 409 உம் 2556 உம். இனி இரட்டைகளின் கூட்டுத்தொகை 127800, அதை 2556 ஆல் வகுக்க 50. ஒற்றைகளின் கூட்டுத்தொகை 20450, அதை 409 ஆல் வகுக்கவும் 50. இரண்டும் ஒன்றாக வராவிட்டால் எங்கோ கழித்தலில் பிழை, திரும்பிப் போங்கள். 8 இன் பாதி 4, 50 இன் பாதி 25.

4² + 25² = 641.
409² + 2556² = 167281 + 6533136 = 6700417.

மறுவழியில் போனால் பிரம்மகுப்தரின் ஏழாம் நூற்றாண்டுச் சமன்பாடு. 25 × 2556 = 63900, 4 × 409 = 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264. 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. கூட்டினால் 20449, கழித்தால் 1. அந்த ஒன்றுதான் 2³² + 1 இல் நிற்கிற ஒன்று.

ஆனால் இதைக் காரணி தேடும் வழியாக நான் சொல்லமாட்டேன். 641 தெரியாத ஒருவர் 20449 ஐத் தேடிப் பிடிப்பது 641 ஐப் பிடிப்பதைவிடப் பல மடங்கு வேலை. பார்த்து ரசிக்க நல்லது.

வயல்காற்று_அக்கரைப்பற்று:
சேர் ரசிக்கச் சொன்னத நான் வேலைக்கு எடுக்கன். 641 × 6700417 = 2³² + 1 எண்டா, 32 பிட் கூடைக்குள்ள அந்தப் பெருக்கம் 1. அதாவது ரெண்டும் ஒண்டுக்கொண்டு நேர்மாறு. 32 பிட் முழு எண் ஒண்ட 641 ஆல வகுக்கணுமெண்டா 6700417 ஆல பெருக்கி 64 பிட் விடையிட மேல் பாதிய எடுத்தாப் போதும், அதான் ஈவு. ஏன் பிழைக்காது? கூடுதலா வாறது அந்த எண்ண 641 × 2³² ஆல வகுத்த அளவு, அது 1/641 க்குக் குறைய. அடுத்த முழு எண்ணத் தொடாது. எல்லையில பாருங்க: 1282 × 6700417 = 8589934594. 2 × 2³² = 8589934592. மேல் பாதி 2, சரி. 1281 க்கு மேல் பாதி 1, அதுவும் சரி. வகுத்தல் கட்டளைய விடப் பெருக்கல் வேகம் எண்டதால கொம்பைலர்கள் மாறிலியால வகுக்கக்க இந்த மாதிரித்தான் மாத்தும். மற்ற எண்களுக்கு அனேகமா பிறகு ஒரு நகர்த்தலும் வேணும். 641 க்கு அதுவும் வேணாம்.

படுவான்கரை:
கூடையின் உச்சி 4294967295 என்றீர்களே, அதுவும் சும்மா எண் அல்ல. 3 × 5 × 17 × 257 × 65537. முதல் ஐந்து பேர்மா எண்களின் பெருக்கம், நம் எண்ணைவிட 2 குறைவு. கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் வைத்து ஒழுங்கான பல்கோணி அமைக்கலாமா என்ற கேள்வியில் (கவுஸ் 1801, வான்சல் 1837) பக்க எண்ணிக்கை ஒற்றையானால் அது வெவ்வேறு பேர்மா முதன்மைகளின் பெருக்கமாக இருக்க வேண்டும். இன்றுவரை தெரிந்தவை ஐந்துதான், ஆகவே தெரிந்தவற்றில் மிகப் பெரியது 4294967295 பக்கம். நம் எண் முதன்மையாக இருந்திருந்தால் இந்தப் பட்டியல் இரட்டித்திருக்கும்.

இன்னொன்று, இதிலிருந்தே பேர்மா எண்களுக்குள் பொதுக் காரணி இல்லை என்பதும் வரும். வித்தியாசம் 2, எண்கள் ஒற்றை.

சம்மாந்துறை_64:
அப்ப 65537 க்குப் பிறகு வாறதெல்லாம் சேர்த்திதான், இல்லையா?

படுவான்கரை:
அப்படிச் சொல்லக் கூடாது. ஐந்தாவதிலிருந்து முப்பத்திரண்டாவது வரை சேர்த்தி என்று நிறுவியாயிற்று. முப்பத்துமூன்றாவது இன்னும் திறந்த கேள்வி. "எல்லாமே சேர்த்தி" என்பதற்கு நிறுவல் கிடையாது. பேர்மா ஐந்தைப் பார்த்து எல்லாம் முதன்மை என்றார், நாம் இருபத்தெட்டைப் பார்த்து எல்லாம் சேர்த்தி என்றால் அவரைவிட எந்த விதத்தில் மேல்?

வாவிக்கரை:
திருத்தி ஓட்டினன். அன்சைன்ட் 64, பாதி பிளந்து கழிக்கிற முறை. அஞ்சாவது 3793201458, முப்பத்தொராவது 10324303, மட்டு 641 ல 357. பைதனோட ஒத்துப்போகுது. அடுத்தது 18446744073709551617 ஐ, அதாவது 2⁶⁴ + 1 ஐ எடுக்கலாமா? காரணி வடிவம் 256க + 1 தானே?

எழுவான்கரை:
ஓம், 256க + 1. ஆனால் 64 பிட் கூடை இனிப் போதாது, வர்க்கத்துக்கு 128 பிட் வேண்டும். லாண்ட்ரி 1880 இல் கையாலேயே முடித்தது அது, அப்போது அவருக்கு வயது 82. பென்சிலைச் சீவி வையுங்கள் தம்பி: க = 1071 வரும்போது நிற்கும்.